பத்தொன்பது கதவுகள்

1

போன வெள்ளிக்கிழமை நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போட்டார்கள். லண்டனுக்கு வெளியே, ரயில் பாதை முடிகிற இடத்தில் இருக்கிற இல்லம். அங்கே பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்து பதினாறு வருடம் ஆகிறது. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் படம், கூடவே தேநீரும் இரண்டு பிஸ்கட்டும். இந்தப் படத்தைக் கேட்டு வாங்கியவர் டோரத்தி என்ற தொண்ணூற்றொரு வயது அம்மா. கணவர் உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கு அவர்களுக்கு அறுபத்தைந்தாவது கல்யாண நாள். இருவரும் சேர்ந்து பார்த்த முதல் படமாம், அப்போதே அது பழைய படம்.

கதை இதுதான். அமெரிக்காவில் ஒரு பணக்காரக் கணவன், மனைவி. ஏரிக்கு மீன் பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் ஒரு வாரம் வேறெங்கோ போய் வருகிறான். வரும் வழியில் கடையில் வாங்கி வந்ததோ கடல் மீன். அவளும் சும்மா இருந்தவள் இல்லை, காலை உணவு மேசைக்கு முந்தின இரவின் விருந்து உடையோடு வந்து உட்காருகிறாள். இருவரும் சிரித்துக்கொண்டே விவாகரத்துச் செய்துகொள்கிறார்கள். சண்டை ஒன்றே ஒன்றுக்குத்தான். சமையல்காரி யாருக்கு? நீதிபதி அவளை மாதத்தில் பாதி இங்கே, பாதி அங்கே என்று பங்கு போட்டுக் கொடுக்கிறார். அந்தப் பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்குப் படத்தில் பெயர்கூட இல்லை. வெள்ளித் தட்டில் துண்டுக் கடிதங்களை வைத்துக்கொண்டு இவனிடமிருந்து அவளுக்கும் அவளிடமிருந்து இவனுக்கும் நடந்துகொண்டே இருக்கிறாள்.

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் கதவுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். காலையில் வந்ததும் இல்லத்தின் கதவுக் கைப்பிடிகளைத் துடைப்பது என் வேலை, அதனால் கதவு கண்ணில் பட்டால் கணக்கு தானாக ஓடும். அந்த வீட்டில் பத்தொன்பது. ஒளிந்துகொள்ள ஒன்று, ஒட்டுக் கேட்க ஒன்று, கோபம் வந்தால் அறைந்து சாத்த ஒன்று. ஒருவன் இந்தக் கதவால் போக, இன்னொருவன் அந்தக் கதவால் வருவான். துரோகம் வேடிக்கையாக இருக்க வேண்டுமானால் வீட்டில் அத்தனை கதவு இருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. எங்கள் வீட்டில் ஒன்றுதான் இருந்தது.

கடைசிப் பத்து நிமிடத்தை நான் பார்க்கவில்லை. ஊரிலிருந்து போன் வந்தது. அந்தப் போனைப் பற்றிச் சொல்லத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். ஆனால் முதலில் ஒரு படங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2

நான் பிறந்தது இலங்கை மலைநாட்டில், டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அம்மா கொழுந்து பறிக்கிறவர், அப்பா பெக்டரியில் அரைக்கிற மெஷினில் வேலை. மலையில் எப்போதும் ஈரம். செடி உரசி நனையாமல் இருக்கப் பறிக்கிற பெண்கள் இடுப்பைச் சுற்றி ஒரு முரட்டுத் துணியோ ரப்பர் சீட்டோ கட்டுவார்கள், அதுதான் படங்கு. ஊரில் இருக்கிற உங்களுக்குத் தெரியும், வெளியே இருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

எனக்கு எட்டு வயதில் அப்பா எங்கிருந்தோ நீல ரப்பர் சீட்டு ஒன்று கொண்டுவந்து அம்மாவுக்குப் படங்கு தைத்துக் கொடுத்தார். சிவப்பு நூலில் ஓரம் முழுக்கக் குறுக்குத் தையல். அப்பாவின் கைத்தையல் தோட்டத்துக்கே தெரியும், சாக்கு ஊசியில் அப்படி ஒரு நேர்த்தி. அம்மா அதைக் கட்டிக்கொண்டு காலையில் பெரட்டுக்குப் போனார். பெரட்டு என்றால் வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைக் கூட்டம். இரண்டு வரிசைக்கு முன்னால் பணிய லயத்து, அதாவது கீழ் வரிசை வீடுகளில் இருந்த, மாரியாயி நின்றாள், புருஷன் செத்துப்போனவள். அவள் இடுப்பிலும் நீலப் படங்கு. அதே சிவப்பு நூல், அதே குறுக்குத் தையல்.

படத்தில் அவனுடைய மீன் பிடிபட்டபோது அறையில் இரண்டே பேர் இருந்தார்கள். எங்கள் வீட்டு மீன் பிடிபட்டது இருநூறு பேர் நின்ற பெரட்டுக் களத்தில். யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை என்று அம்மா பின்னாளில் சொன்னார். கங்காணி மட்டும் இரண்டு இடுப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஆளைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் நின்றாராம். அம்மா படங்கை அவிழ்த்து, நாலாக மடித்து, கூடைக்குள் போட்டுக்கொண்டு மலைக்கு ஏறினார். அன்றைக்கு முழுக்க மழை. நனைந்து நடுங்கிக்கொண்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்தவர் அப்பாவிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அன்றோடு அவரிடம் பேசுவதை நிறுத்தினார். முப்பத்தெட்டு வருடம் ஆகிறது.

3

பேசாமல் இருக்கலாம், பிரிந்து போக முடியாதே. லயத்தில் பன்னிரண்டு குடும்பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா. முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒடுங்கிய முன்கூடம், உள்ளே அடுப்போடு ஒரு அறை, இரண்டுக்கும் நடுவில் கதவில்லாத வாசல். வேறு காம்பரா கேட்டு அம்மா ஆபீசுக்குப் போனார். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பராதான், வேறு காலி இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். சரி, அப்பாவாவது அந்தப் பக்கம் போய்த் தொலையலாம் என்றால் மாரியாயியின் காம்பராவில் அவள் தம்பி குடும்பத்தோடு சேர்த்து ஏழு பேர். பாவம் செய்தவருக்கும் பாவத்தைக் கொண்டுபோய் வைக்க ஒரு மூலை கிடைக்கவில்லை. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம், எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

அம்மா உரச் சாக்குகளைப் பிரித்து, நடுவில் அந்த நீலப் படங்கை வைத்துத் தைத்து, நடு வாசலில் தொங்கவிட்டார். உள்ளே அவரும் நானும், வெளியே இஸ்தோப்பில் அப்பா. வெளிக்கதவு ஒன்றுதான் என்பதால் அம்மா தினமும் விடியற்காலையில் அப்பாவின் கால்மாட்டைத் தாண்டித்தான் பெரட்டுக்குப் போக வேண்டும். புடவையை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டுவார்.

நடுவில் தபால்காரி நான். "அந்த ஆளுக்கிட்ட சொல்லு, வெறகு இல்ல." "ஒங்கம்மாகிட்ட சொல்லு, நாளைக்குக் கொண்டாறேன்." இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சாக்குதான், இரண்டு பேர் காதிலும் எல்லாம் விழும். இருந்தாலும் நான் போய்ச் சொன்ன பிறகுதான் அது சொன்னதாகும். பள்ளிக்கூடப் பாடத்தை ஒப்பிப்பதுபோல ஒப்பிப்பேன். சுவர்கள் கூரை வரைக்கும் போகாத லயம் அது, அக்கம்பக்கத்துக் காம்பராக்களும் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு தடவை, ஒரே தடவை, செய்தியை மாற்றினேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா மழையில் நனைந்து பணிய லயத்திலிருந்து வந்து நின்றார். உள்ளேயிருந்து அம்மா சொன்னார், "அந்த ஆளுக்கிட்ட சொல்லு. இனி அங்கயே கெடக்கச் சொல்லு, இங்க வரவேணாம்." அவ்வளவு மெதுவாக அம்மா பேசி நான் கேட்டதில்லை. மழை தகரத்தில் அடித்த சத்தத்தில் அப்பாவுக்கு அது கேட்டிருக்காது. நான் சாக்கை விலக்கிக்கொண்டு போய், "அம்மா உங்கள சாப்பிடச் சொல்லுச்சு" என்றேன்.

அப்பா வந்து நடு வாசலில் உட்கார்ந்தார். அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் முழுசாகத் தாங்க முடியவில்லை. பிறகு இரண்டு ரொட்டியை ஒரு தட்டில் போட்டுச் சாக்குக்குக் கீழே தள்ளினார். அன்றிலிருந்து நாளொரு வேளை தவறாமல் அந்தத் தட்டு போய்க்கொண்டிருக்கிறது. மாரியாயி மகளோடு கொழும்புக்குப் போய் அங்கேயே செத்துப்போன பிறகும் போனது. அம்மா அந்த மனிதரை வெளியே அனுப்ப எடுத்த ஒரே முடிவை நான் கெடுத்தேன். அப்பா வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

4

நான் ஹட்டனில் படித்து, நர்சரி டீச்சராக இருந்து, கல்யாணம் முடித்து இங்கே வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார், நல்ல மனிதர். வாரத்தில் இரண்டு தடவை ஊருக்குப் பேசுவேன், அம்மாவிடம் ஒரு போனில், அப்பாவிடம் ஒரு போனில். ஒரே காம்பராவுக்கு இரண்டு போன்.

போன வருடம் எங்கள் லயத்துக்குப் பின்னால் மலைச்சரிவில் வெடிப்பு விட்டது. எப்போது வேண்டுமானாலும் மண் சரியலாம், எல்லாரும் எழும்பிப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மேலே துண்டு துண்டாக நிலம் பிரித்து அரசாங்கம் வீடு கட்டிக் கொடுத்தது. வீட்டு உறுதிப் பத்திரம் கணவன், மனைவி இருவர் பேரிலும். நல்ல ஏற்பாடுதான், பெண்களுக்கும் உரிமை வேண்டுமே. தோட்டத்துத் தலைவர் எனக்குப் போன் செய்தார். அம்மா விண்ணப்பப் பாரத்தில் கைநாட்டு வைக்க மாட்டேன் என்கிறாராம். அந்த ஆளோடு என் பேரைச் சேர்த்து எழுதினால் நான் இங்கேயே மண்ணுக்குள் போகிறேன் என்று சொல்கிறாராம்.

"நீங்கதான் சொல்லணும் டீச்சர்" என்றார் தலைவர். "ஒங்க பேச்சத்தான் ரெண்டு பேரும் கேப்பாங்க."

இன்னொரு சிக்கலும் இருந்தது. அவர்கள் கல்யாணம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது, பதிவு கிடையாது. என் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் விவாகமானவர்களா என்ற கட்டத்தில் 'இல்லை' என்றுதான் எழுதியிருக்கிறது. பதினெட்டு வயதில் அதை முதலில் பார்த்து அழுதேன். விவாகரத்து வேண்டுமென்றால் முதலில் விவாகம் வேண்டும், அதுவே இவர்களுக்குக் காகிதத்தில் இல்லை. இப்போது பிள்ளை என்ற முறையில் நான் சத்தியக் கடிதம் ஒன்று அனுப்ப வேண்டுமாம், இருவரும் கணவன் மனைவியாக வாழ்கிறார்கள் என்று.

இங்கே ஒரு பெண் வக்கீலிடம் போனேன். ஒரே கூரையின் கீழ் வாழ்கிறார்களா என்று கேட்டார். ஆம் என்றேன். எவ்வளவு காலமாக என்றார். நாற்பத்தெட்டு வருடம். ஒரு நாளும் பிரிந்ததில்லையா? ஒரு நாளும் இல்லை. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இந்தக் காலத்தில் இப்படி ஒரு தம்பதியா, எவ்வளவு அழகு என்றார். சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டேன். கடிதத்தில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

5

மகள் நிலானிக்கு இருபது வயது. அவளிடம் இதைச் சொன்னேன். பாட்டி ஏன் தாத்தாவை விட்டுப் போகவில்லை என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எங்கே போவது என்று கேட்டேன். எங்கேயாவது, என்றாள். ஒரு சின்னப் பிள்ளையை நடுவில் நிறுத்தித் தூது அனுப்பியது எவ்வளவு பெரிய கொடுமை, இதைப் பற்றி நீ யாரிடமாவது முறைப்படி பேச வேண்டும் என்றும் சொன்னாள். காத்திருப்பு அறையில் வைத்திருக்கிற துண்டுப் பிரசுரம்போலப் பேசுகிறாள். அவள் சொல்வது சரியாகவும் இருக்கிறது, அதுதான் எரிச்சல்.

ஐந்து வயதில் இவள் ஊருக்குப் போன் பேசும்போது "ஹலோ அந்தாள், சாப்டீங்களா?" என்பாள். என் அம்மா பேச்சில் ஓயாமல் வருகிற 'அந்த ஆள்' என்பதைத் தாத்தாவுக்கான தமிழ்ச் சொல் என்று நினைத்துக்கொண்டாள். அப்பா திருத்தவில்லை. "சாப்ட்டேன் கண்ணு" என்று பதில் சொல்வார். இப்போது அவள் போனில் பேசுவதே இல்லை. தமிழ் வராது என்கிறாள், நேரம் இல்லை என்கிறாள். அவளை எந்தத் தூதும் அனுப்பாமல் வளர்த்தேன். அதனால்தானோ என்னவோ அவளிடம் ஊருக்குச் சொல்ல ஒரு சேதியும் இல்லை.

6

அம்மாவிடம் பேசினேன். சரிவு, மழை, வெடிப்பு எல்லாம் சொன்னேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"அந்த வீட்டுல கதவு எத்தன?"

தலைவரிடம் கேட்டுச் சொன்னேன். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, அறைகளுக்கு இரண்டு, கழிப்பறைக்கு ஒன்று. ஆக ஐந்து. அறைக் கதவுக்கு உள்பக்கம் கொண்டி இருக்கிறதா என்று மறுபடி கேட்கச் சொன்னார். இருக்கிறது என்றேன். "சரி, வர்றேன்னு சொல்லு" என்றார்.

கிராம சேவகர் ஆபீசில் நடந்ததைத் தலைவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். இருவரும் ஒரே வாங்குப் பலகையில் இந்த நுனியிலும் அந்த நுனியிலும் உட்கார்ந்திருந்தார்களாம். அதிகாரி அப்பாவைக் காட்டி, இவர் உங்கள் கணவர்தானா என்று அம்மாவிடம் சிங்களத்தில் கேட்டார். ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அம்மா வாயைத் திறக்கவில்லை. பின்னால் ஆட்கள் நின்றார்கள். அதிகாரி இரண்டாம் தடவையும் கேட்டார். தலைவருக்கு வியர்த்துவிட்டதாம்.

"எக்கம காமரே தமாய் மஹத்தயா" என்றார் அம்மா. ஒரே காம்பராதான் ஐயா.

அதிகாரி தலையாட்டிக்கொண்டே 'ஆம்' என்று எழுதினார். அம்மா கைநாட்டு வைத்தார். அப்பா அம்மாவுக்கு முதுகைக் காட்டியபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு வெளியே நிறுத்திப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தைத் தலைவர் எனக்கு அனுப்பினார். நாற்பத்தெட்டு வருடத்தில் இருவரும் சேர்ந்து எடுத்த முதல் படம். நடுவில் இன்னொரு ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி. அந்த இடைவெளிக்கு நேராக என் உயரத்தை வைத்துப் பார்த்தேன்.

7

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். படத்தில் அந்தப் பணக்காரர்கள் பனி கொட்டுகிற ஒரு பங்களாவில் அடுத்தடுத்த அறைகளில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு கதவு. சமையல்காரி தட்டோடு நடந்துகொண்டிருந்தாள். அப்போது போன் அதிர்ந்தது. வராந்தாவுக்கு வந்தேன். இல்லத்துக் கதவுகள் எல்லாம் தீப்பாதுகாப்புக் கதவுகள், நாம் விட்டால் தாமாகவே சாத்திக்கொள்ளும்.

அம்மா. புது வீட்டுக்குக் குடிபோய் மூன்று வாரம். அங்கே மாலை நான்கு மணி கழிந்திருக்கும்.

"புள்ள, அந்த ஆளுக்கிட்ட சொல்லு, தேத்தண்ணி வாசப்படியில வச்சிருக்கேன், ஆறிப்போகுது. கண்ணு தெரியாம ஒதச்சுத் தொலச்சிரப் போகுது."

"நீங்க எங்கம்மா இருக்கீங்க?"

"என் ரூமுல. கதவ சாத்திக் கொண்டி போட்டிருக்கேன்."

முன்பு நடுவில் சாக்கு இருந்தது, இருமினால் கேட்கும், முகம் தெரியாவிட்டாலும் நிழல் தெரியும். இப்போது நல்ல பலகைக் கதவு. சாக்குக்கு எட்டு வயதுப் பிள்ளை போதும், பலகைக் கதவுக்கு லண்டன் வரைக்கும் வர வேண்டியிருக்கிறது.

என்னிடம் மகளுடைய பழைய போன் ஒன்றும் இருக்கிறது. அம்மாவை அப்படியே இருக்கச் சொல்லிவிட்டு அதில் அப்பாவை எடுத்தேன். மணி அடித்தது. அந்த மணி அம்மாவின் போன் வழியாகவும், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெல்லியதாக, என் இன்னொரு காதுக்கு வந்தது. அப்பா எடுத்தார். தேநீர் இருக்கிற இடத்தைச் சொன்னேன். குனிந்து தடவி எடுக்கிற சத்தம் கேட்டது. ஒரு வாய் குடித்தார். போனை வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

"அவகிட்ட சொல்லும்மா" என்றார். "நான் செஞ்சது தப்புத்தான்னு சொல்லு. மன்னிச்சுக்கச் சொல்லு."

உள்ளே கூடத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். இருவரும் சேர்ந்துவிட்டார்கள் போல. டோரத்தி பிறகு எனக்கு அந்த முடிவைச் சொன்னார்: நடுக்கதவு திறக்கிறது, அவன் போகிறான், சமையல்காரி குதிகாலால் கதவைச் சாத்திவிட்டு நம்மைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

"என்னா சொல்லுது அந்த ஆளு?" என்றார் அம்மா. அவருக்கு முணுமுணுப்பு மட்டும் கேட்டிருக்கும்.

ஒன்பது வயதில் என்றால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். அப்போது ஒரு சொல்லை மாற்றி அம்மாவின் தலையில் கட்டிய மனிதரை அவர் முப்பத்தேழு வருடம் சுமந்துவிட்டார். இப்போது இதையும் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். மன்னித்தாலும் வேலை, மன்னிக்காவிட்டாலும் வேலை. இப்போதுதான் அவருக்கு ஒரு கதவு கிடைத்திருக்கிறது, அதைத் தட்டுகிற ஆளாக நான் இருக்க முடியாது. நான் செய்தது அப்பாவுக்கு அநியாயம் என்று தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

"ஒண்ணும் இல்லம்மா. குடிக்கிறாரு."

"டம்ளரக் கழுவி வைக்கச் சொல்லு" என்றார் அம்மா.

அதைச் சொன்னேன்.